உறுப்பினர் கல்விப் பாடம்: நச்சுச் சாராயமும் நம் சங்கங்களும்

கூட்டுறவுச் சங்கம் என்றால் கடன் கொடுப்பது, நூல் வழங்குவது, உரம் விற்பது ஆகிய காரியங்களை மட்டும் நடத்தும் இடம் என்று எண்ணும் அங்கத்தினர் நம்மிடையே பலர் உளர். அவ்வெண்ணம் முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை. வரவு செலவு ஒழுங்காயிராத சங்கம் வேறெந்த நற்பணியையும் செய்ய இயலாது. ஆயினும் கடன் வாங்கியவர் உயிரோடும் உடல் நலத்தோடும் இருந்தால்தான் கடன் திரும்பும். தறியில் அமர்பவருக்குக் கண் தெரிந்தால்தான் சேலை இறங்கும். ஆகவே ஊராரின் உடல் நலம் சங்கத்துப் பேரேட்டுக்குப் புறம்பான விஷயம் அன்று. விழுப்புரம், திண்டிவனம் வட்டார மக்கள் தம் கண்முன்னே கண்ட ஒரு கொடுமையை இம்மாதப் பாடத்திற்குப் பொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

திண்டிவனத்திற்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ளது மரக்காணம். உப்பளங்களுக்குப் பேர்பெற்ற ஊர். அதனையடுத்த எக்கியார்குப்பம் என்னும் மீனவர் குடியிருப்பில் 2023ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், கள்ளத்தனமாக விற்கப்பட்ட சாராயத்தை வாங்கிக் குடித்தவர்கள் வாந்தியும் மயக்கமும் கண்டு ஒருவர்பின் ஒருவராக விழுந்தனர். சிலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும், சிலர் புதுச்சேரிக்கும் கொண்டு செல்லப்பட்டனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பகுதியிலும் இவ்வாறே நேர்ந்தது. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இது ஊரில் காய்ச்சிய சாராயம் அன்று, இரசாயன ஆலைகளில் பயன்படும் மெத்தனால் என்று காவல் துறை விசாரணையில் வெளிப்பட்டது. மாண்டவர் குடும்பங்களுக்கு அரசாங்கம் பத்து இலட்சம் ரூபாய் வீதம் அறிவித்தது.

ஓராண்டு கழிந்தது. 2024 ஜூன் மாதம் 18, 19ஆம் நாட்களில் கள்ளக்குறிச்சி நகரின் நடுவே உள்ள கருணாபுரத்தில் அதே நஞ்சு மீண்டும் புகுந்தது. கள்ளக்குறிச்சி 2019ஆம் ஆண்டில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. நம் அங்கத்தினர் பலருக்கு அங்கே பெண் கொடுத்த வீடும் உண்டு, கொண்ட வீடும் உண்டு. அங்கு இறந்தோர் அறுபதுக்கு மேற்பட்டவர். பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். பெண்களும் இறந்தனர், தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகளும் உளர். முதலில் இறந்தவர் வீட்டுத் துக்கத்திற்கு வந்தவர்களிலும் சிலர் அதே சரக்கை வாங்கிக் குடித்தனர் என்று செய்தித்தாள்கள் எழுதின. சாவுக்குக் காரணம் இன்னதென்று உடனே ஊருக்குத் தெரிந்திருந்தால் இந்த இரண்டாம் வரிசைச் சாவுகளில் சில நேர்ந்திரா என்பதே இப்பாடத்தை எழுதத் தூண்டியது. நாற்பது கல் தொலைவில் நடந்ததை நினைவில் வைத்திராதது நம் வட்டாரத்திற்குப் புதிதும் அன்று. 2001ஆம் ஆண்டில் பண்ருட்டியில் இதே வகையில் ஐம்பது பேருக்குமேல் மாண்டனர். இன்று முப்பது வயதுக்குட்பட்ட அங்கத்தினரைக் கேட்டால் அறியோம் என்கிறார்கள்.

மெத்தனால் என்பது யாது? சாராயத்தில் போதை தரும் பொருளுக்கு எத்தனால் என்று பெயர். சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகிலிருந்தும், வெல்லம், பழம், தானியம் ஆகியவற்றைப் புளிக்க வைத்தும் அதனைப் பெறுகிறார்கள். மெத்தனால் அதற்குத் தம்பி முறை. ஆனால் குணத்தில் பகை. வர்ணம், பசை, பிளாஸ்டிக், மருந்து ஆகியவை செய்யும் தொழிற்சாலைகளுக்கு அது வேண்டியதாயிருக்கிறது. நிறமற்றது, வாசனையிலும் சுவையிலும் எத்தனாலைப் போன்றதே. நாவில் வைத்துப் பார்த்துச் சொல்லுவேன், கொளுத்திப் பார்த்துச் சொல்லுவேன் என்று ஊர்தோறும் ஓர் அனுபவசாலி இருப்பார். அவர் சொல்லை நம்ப வேண்டா. சாராயமும் மெத்தனாலும் கலந்திருக்கும்போது நாவினாலோ நெருப்பினாலோ அதைப் பிரித்தறிய இயலாது. ஆய்வுக் கூடத்தில்தான் இயலும். விற்பவனுக்கே தான் விற்பது இன்னதென்று தெரியாமலிருப்பதும் உண்டு.

உடலுக்குள் சென்றபின் நடப்பதுதான் முக்கியம். மெத்தனால் அப்படியே இருந்தால் இவ்வளவு கேடு செய்யாது. நம் கல்லீரல் அதனை முதலில் பார்மால்டிஹைடு என்னும் பொருளாகவும், பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலைத் தரும் அமிலம் அது. அவ்வமிலம் இரத்தத்தில் சேரச் சேர உயிரணுக்கள் பிராண வாயுவைப் பயன்படுத்தும் ஆற்றலை இழக்கின்றன. முதலில் பழுதுபடுவது கண் நரம்பு. பத்து மில்லி அளவு தூய மெத்தனாலே பார்வையைப் பறிக்கக்கூடும். முப்பது மில்லி உயிரைப் பறிக்கக்கூடும். முப்பது மில்லி என்பது இரண்டு பெரிய கரண்டிதான்.

இந்த மாற்றத்திற்குக் காலம் பிடிக்கிறது. குடித்தவுடன் சாதாரணப் போதைதான் தோன்றும். பன்னிரண்டு மணி முதல் இருபத்து நான்கு மணி நேரம் வரையில் பெருந்தொல்லை ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அதனோடு நல்ல சாராயமும் சேர்ந்திருந்தால் இன்னும் தாமதமாகும். அதன்பின் தலைவலி, வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு. கண் முன்னே வெள்ளைத் திரை விழுந்தாற்போல், மூடுபனிக்குள் நிற்பது போல் மங்கல். முந்திய இரவு குடித்தவர் மறுநாள் காலை “மயக்கம் தெளியவில்லை, படுத்தால் சரியாகிவிடும்” என்று பாயில் கிடப்பது இதனால்தான். வீட்டாரும் மோர் கொடுத்துப் படுக்க வைக்கிறார்கள். அப்படுக்கையிலேயே பொன்னான மணி நேரங்கள் கழிந்துவிடுகின்றன.

ஆகவே ஒவ்வோர் அங்கத்தினரும், சிறப்பாக வீட்டிலிருக்கும் பெண்மணிகளும் மனத்தில் பதிய வைக்க வேண்டியது இது: குடித்தவர் மறுநாள் கண் மங்குகிறது என்றால், வயிறு பிசைகிறது என்றால், மூச்சு வேகமாக வாங்குகிறது என்றால், உடனே 108க்குச் சொல்லி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். போகும்போதே சாராயம் குடித்ததை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மீதிப் பாக்கெட்டோ பாட்டிலோ இருந்தால் கையோடு எடுத்துச் செல்வது நன்று. குடித்தது குற்றமாகிவிடுமோ, போலீஸ் வருமோ, ஊர் சிரிக்குமோ என்று வயிற்றுப்போக்கு என்று மாற்றிச் சொல்பவர் உளர். மருத்துவர் அதற்கேற்ற மருந்தைத்தானே கொடுப்பார்? மெத்தனால் என்று தெரிந்தால் அமிலத்தை அடக்கும் உப்புக் கரைசலை நரம்பில் ஏற்றுவார். இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரிப்பார். கல்லீரல் மெத்தனாலை மாற்றாதபடி தடுக்கும் மருந்தைக் கொடுப்பார். அத்தடை மருந்தாகத் தூய எத்தனாலையே அளந்து கொடுப்பதும் உண்டு. இதை அரைகுறையாகக் கேள்விப்பட்டு, “நச்சுச் சாராயத்திற்கு நல்ல சாராயம் முறிவு” என்று வீட்டிலேயே ஊற்றிக்கொடுக்க முற்பட்டால் நோயாளி போய்விடுவார். அளவும் கண்காணிப்பும் மருத்துவமனைக்கு உரியவை.

இன்னொன்று. ஒருவர் விழுந்தால் அவரோடு அமர்ந்து குடித்தவர் யார் யாரென்று அப்போதே கேட்டு, நலமாயிருப்பதாகத் தோன்றுபவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். அவருக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவே. கூடவே ஊரில் உரக்கச் சொல்லிவிட வேண்டும், கோயில் ஒலிபெருக்கியில் சொன்னாலும் தகும். சங்கக் கட்டடத்தில் கரும்பலகை இருக்கிறது. பெரும்பாலும் அதில் பருத்தி நூல் விலையும் பொதுக்குழு அறிவிப்பும் பழுத்துக் கிடக்கின்றன. இதற்கும் அது பயன்படட்டும்.

இனி, மக்கள் ஏன் இதை நாடுகிறார்கள்? அறிவின்மை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் உண்டு. நமக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. அரசாங்க மதுக்கடை நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறது; உப்பளத்து வேலையும் கரும்பு வெட்டும் அதற்குள் பாதி முடிந்துவிடும். கள்ளச் சரக்கு விடியற்காலையில் கிடைக்கிறது. விலை குறைவு. எல்லாவற்றிற்கும் மேலாக, கடனுக்குக் கிடைக்கிறது. சாராய வியாபாரி ஜாமீன் கேட்பதில்லை, பட்டா கேட்பதில்லை, பங்குத் தொகை பிடிப்பதில்லை. “கூலி வந்ததும் கொடு” என்கிறான். கடன் கொடுப்பதில் நம் சங்கங்களைவிட அவன் சுறுசுறுப்பானவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. குழித்தறியில் நாள் முழுதும் கால் மாற்றி மாற்றி மிதித்தவரின் இடுப்பு வலியும், அலையில் வலை இழுத்தவரின் தோள் வலியும் உண்மையானவை. அவ்வலிக்கு மருந்து ஒன்று அவர் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாதபோது வேறொன்று வந்து அமர்கிறது. புதுச்சேரி எல்லை அருகிருப்பதும், அங்கே கலால் விதிகள் வேறாயிருப்பதும் நம் வட்டாரத்திற்கென்றே உள்ள தனித் தொல்லை.

சட்டம் இல்லாமலில்லை. இந்நாட்டிலேயே முன்னோடியாக 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் இராஜாஜியின் மந்திரிசபை மதுவிலக்கைத் தொடங்கிற்று. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் அது பரவிற்று. 1971இல் தளர்ந்தது, 1974இல் மீண்டும் வந்தது, 1980க்குப்பின் மறுபடியும் நீங்கிற்று. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசாங்க நிறுவனமாகிய டாஸ்மாக்கே நடத்துகிறது. கருணாபுரத்துச் சாவுகளுக்குப்பின் 2024 ஜூன் மாத இறுதியில் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்திற்று. கள்ளச் சாராயத்தால் மரணம் நேர்ந்தால் காய்ச்சியவருக்கும் விற்றவருக்கும் ஆயுள் தண்டனையும், பத்து இலட்சத்திற்குக் குறையாத அபராதமும் உண்டு. மதுவிலக்கு வேண்டுமா, வேண்டாவா என்ற பெரிய வழக்கில் கூட்டுறவாளரிடையே இரண்டு கட்சியினரும் இருக்கிறார்கள். அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. மதுவிலக்கு இருந்த காலத்திலும் நச்சுச் சாவுகள் இருந்தன, கடை திறந்த காலத்திலும் இருந்தன என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

அந்தப் பழைய வரலாற்றில் நமக்கு உரிய பக்கம் ஒன்று உண்டு. மதுவிலக்கால் பிழைப்பிழந்த கள்ளிறக்குவோருக்காக மாகாணத்தின் பல பகுதிகளில் பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மரத்தைவிட்டு இறங்கு என்று மட்டும் சொல்லாமல், அதே மரத்திலிருந்து பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சு, சங்கம் விற்றுத் தரும் என்று சொன்ன திட்டம் அது. எல்லாச் சங்கமும் நிலைத்தன என்று சொல்ல முடியாது. எனினும் ஒரு தொழிலை ஒழிக்கும்போது அதில் கிடந்தவர்களுக்கு மாற்று வழி காட்ட வேண்டும் என்ற நியாயம் அதில் இருந்தது. இன்று சாராயம் விற்போரில் கணவனை இழந்த பெண்களும், வேறு கதியற்ற முதியோரும் இருப்பதை ஊரார் அறிவர். பெருவியாபாரியையும் இவர்களையும் ஒரே தட்டில் நிறுப்பது சரியன்று. ஒரு கறவை மாட்டுக் கடனோ, ஒரு தையல் இயந்திரமோ அத்தகைய ஒருவரை அத்தொழிலிலிருந்து விடுவிக்குமானால், அது சங்கத்தின் நல்ல முதலீடே.

அண்டை மாநிலத்து நிகழ்ச்சி ஒன்றையும் அங்கத்தினர் அறிந்திருக்க வேண்டும். 1990களின் தொடக்கத்தில் ஆந்திரத்து நெல்லூர் மாவட்டத்தில் முதியோர் எழுத்தறிவு இயக்கம் நடந்தது. இரவில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கூட்டிப் படித்த பெண்கள், பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த குடும்பங்களைப் பற்றிப் படித்தனர். படித்ததைத் தம் வீட்டோடு ஒப்பிட்டுப் பேசினர். தூபகுண்டா என்னும் சிற்றூரில் 1992இல் பெண்கள் கூடிச் சாராயக் கடையை மூட வைத்தனர். ஊர் ஊராக அது பரவி, சாராய ஏலம் நடத்த இயலாதபடி செய்து, 1993 அக்டோபரில் ஆந்திர மாநிலம் முழுவதும் சாராய விற்பனை நிறுத்தப்பட்டது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் நீக்கப்பட்டது என்பதும் உண்மை. ஆனால் கூட்டுறவாளராகிய நாம் பார்க்க வேண்டியது வேறு. சாராயம் நின்றபோது வீட்டில் மிஞ்சிய காசை அப்பெண்கள் என்ன செய்தனர்? நாளொன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் சேர்த்துச் சேமிப்புக் குழுக்கள் அமைத்தனர். ‘பொதுபு லக்ஷ்மி’ என்று அதற்குப் பெயர். மிஞ்சிய காசு தங்குவதற்கு ஓர் இடம் இல்லையானால் அது மறுபடியும் போன வழியே போய்விடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் ஊர்க் கணக்கு ஒன்று போடுவோம். நாளுக்கு நூறு ரூபாய் குடிக்குச் செலவிடும் ஒருவர் மாதத்தில் இருபத்தைந்து நாள் அவ்வாறு செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,500, ஆண்டுக்கு 30,000 ரூபாய். அவரே சங்கத்தில் நகையை வைத்து 30,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார். தவணை தவறி நகை ஏலத்திற்கு வருகிறது. மனைவி வந்து செயலாளரிடம் அவகாசம் கேட்டு நிற்கிறார். நிர்வாகக் குழுவினரே, இந்தக் கணக்கு உங்கள் ஊரில் எத்தனை வீட்டிற்குப் பொருந்தும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

ஜெர்மனியில் ரெய்பைசன் என்பவர் 1860களில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கியபோது சொத்தைப் பாராமல் ஒழுக்கத்தைப் பார்த்துக் கடன் கொடுக்கச் சொன்னார் என்பது கூட்டுறவுப் பயிற்சி வகுப்புகளில் முதல் வாரத்திலேயே சொல்லித்தரப்படும் செய்தி. ஒரே ஊரார், ஒருவரையொருவர் அறிந்தவர். ஆகவே கடன் வாங்கியவரின் நடத்தை எல்லோருடைய கவலையும் ஆயிற்று. இதை வைத்துக்கொண்டு குடிப்பவருக்குக் கடன் இல்லை, குடிப்பவர் சங்கத்தைவிட்டு வெளியேறுக என்று தீர்மானம் போடத் துடிக்கும் குழுக்களும் உண்டு. நாம் அதை ஆதரிக்கவில்லை. வெளியேற்றப்பட்டவர் நேரே போய்ச் சேருமிடம் கந்துவட்டிக்காரர் வாசல். அதற்கடுத்த வாசல் சாராய வியாபாரியுடையது. அன்றியும், தீர்மானம் போடும் மேசையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களிலேயே எத்தனை பேர் தப்புவர் என்று தெரியாது.

செய்யத்தக்கவை வேறு உண்டு. கூலியிலிருந்து ஒரு பகுதியை அங்கத்தினர் எழுத்து மூலம் சம்மதம் தந்தால் சிக்கன சேமிப்புக் கணக்கில் நேரே வரவு வைக்கலாம். சம்மதமின்றிப் பிடித்தல் கூடாது, கூலி அவருடையது. நெசவாளர் சங்கங்களில் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டம் முன்பே இருப்பதால் அதன்மேல் கூட்டிக் கட்டுவது எளிது. சிறுவந்தாடு போன்ற பட்டு நெசவு ஊர்களில் ஒரு சேலை முடிந்து கூலி ஒரே தொகையாகக் கைக்கு வருகிறது; அந்த ஒரு நாள் மாலைதான் ஆபத்தான மாலை. இப்போது கூலி வங்கிக் கணக்கில் சேர்வதால் இத்தொல்லை தீர்ந்தது என்று சில செயலாளர்கள் கூறுகிறார்கள். கணக்கு வங்கியில் இருக்கிறது, சரி. அட்டை யார் சட்டைப் பையில் இருக்கிறது?

குடியை விட விரும்புகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் முதலியவை தோன்றி உயிருக்கே கேடு வருதலும் உண்டு. ஐயனார் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்வதை நாம் குறை கூறவில்லை; அத்தோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குடிநோய் மறுவாழ்வுப் பிரிவிற்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே இதனை நோயாகவே கருதி மருந்து தருகிறார்கள். மனக்கலக்கத்திற்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி ஆலோசனை கேட்கலாம். கள்ளச் சாராய விற்பனையைப் பற்றி 10581 என்ற எண்ணிற்குத் தெரிவிக்கலாம். செயலாளர் தனியாளாகத் தெரிவித்து, இரவில் தனியாக வீடு திரும்ப வேண்டிய நிலையை உண்டாக்காதீர்கள். நிர்வாகக் குழு முழுதும் கையொப்பமிட்ட தீர்மானமாக வட்டாட்சியருக்கும் காவல் துறைக்கும் அனுப்பினால் எவரும் ஒருவரைமட்டும் குறிவைக்க இயலாது. கூட்டுறவு என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் மிக நேரான பொருள் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போகும் வண்டிச் செலவிற்கு, துணை விதியில் இடமிருக்கும் சங்கங்கள் பொது நல நிதியிலிருந்து ஒரு சிறு தொகையைப் பொதுக்குழுவின் ஒப்புதலோடு ஒதுக்கி வைக்கலாம்.

கடைசியாக, ஆய்வுக்குச் செல்லுமிடங்களில் நாம் தொடர்ந்து கண்டுவரும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். அங்கத்தினர் தமக்குப்பின் பங்குத் தொகையும் சேமிப்பும் யாருக்குச் சேர வேண்டும் என்று குறிப்பிடும் நியமனப் பதிவேடு பல சங்கங்களில் பாதிக்குமேல் வெற்றிடமாக இருக்கிறது. எழுதியிருக்கும் இடங்களிலும், திருமணத்திற்கு முன் எழுதிய தாயார் பெயர் அப்படியே நிற்கிறது. தாயார் காலமாகி ஆண்டுகள் பல ஆகியிருக்கும். திடீரென்று ஒருவர் மாண்டால் அவர் மனைவி கைக்குழந்தையோடு வாரிசுச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் சங்கத்திற்கும் இடையே நடக்கிறார். ஜாமீன் போட்டவரோ கடன் தம் தலையில் விழுமோ என்று அவ்வீட்டு வாசலை மிதிப்பதில்லை. நியமனத்தைப் புதுப்பிக்க ஒரு தாளும், ஒரு கையொப்பமும், இரண்டு சாட்சிகளும் போதும். அடுத்த கூட்டத்திற்குச் செயலாளர் அப்பதிவேட்டை மேசைமேல் எடுத்து வைக்கட்டும். வருகைப் பதிவில் கையொப்பமிடும்போதே ஒவ்வோர் அங்கத்தினரும் தம் பெயருக்கு எதிரே உள்ள கட்டத்தைப் பார்த்துவிட்டு அமரலாம்.